காரணம்: கட்டாயப் புலம்

கிளைபேடா துறைமுகம். பிப்ரவரி. ஆறாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே
மணல்திட்டுக்குப் போகும் படகு
பனிக்கட்டியை நறநறவென்று மென்றபடி கடக்கிறது.
என் வேலை ஃபயர்வாலுக்குக் கையேடு எழுதுவது.
பதினோரு வருடமாக மனிதர்கள் படித்தார்கள்,
அதாவது படிக்கவில்லை.

இப்போது வாசகர் மாறிவிட்டார்.
உயர்திணையா அஃறிணையா என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.
காபி குடிக்காது. பக்கத்து மேசைக்கு எட்டிப் பார்த்துக் கேட்காது.
எழுதியதையெல்லாம் படிக்கும்,
அடிக்குறிப்பு வரை,
அடிக்குறிப்பில் நான் விட்ட ஒற்றுப்பிழை வரை.

"வழக்கம்போல் விதியைச் சேர்க்கவும்" என்று எழுதியிருந்தேன்.
யாருடைய வழக்கம்?
"உள் முகவரிகள் முதலியன."
முதலியன என்பது சுவரில் ஓர் ஓட்டை,
ஒரு லாரி நுழையும்.
"சந்தேகம் இருந்தால் ஜீத்ரூனஸைக் கேட்கவும்."
ஜீத்ரூனஸ் பெர்கனுக்குப் போய் நாலு வருடம் ஆகிறது.
நாற்பது பக்கங்களில் இன்னும் அவன்தான் பதில்.

எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற வாசகர் இது.
சென்ற செவ்வாய், சோதனைக் களத்தில்,
பயன்படாத விதிகளை நீக்கச் சொன்னோம்.
தொண்ணூறு நாளில் ஒரு பொட்டலமும் கடக்காதவை
பதினேழு.
நீக்கியது. நீக்கியதாகப் பணிவோடு சொன்னது.
நாலு வினாடி.

அதில் ஒன்று நாற்பத்தேழாம் விதி.
காரணம் என்ற கட்டத்தில்
யாரோ ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.
கட்டம் காலியாக இருந்தால் கருவி சேமிக்காது,
அதனால் புள்ளி.
எண்ணிப் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் விதிகளில்
ஆயிரத்தெண்ணூறு புள்ளிகள்.
வானமாக இருந்திருந்தால் அழகு.

தொலைபேசியை எடுத்தேன்.
கிரேன் பிரிவு: தெரியாது.
சுங்கம்: எங்களுடையது இல்லை, எழுத்தில் வேண்டுமானால் தருகிறோம்.
கப்பல் வழிகாட்டிகளின் நிலையத்தில் ஸ்கைஸ்தே எடுத்தாள்.
"அதுவா, தெற்கு முனைப் பனிமானி.
கடல் உறைந்தால்தான் பேசும்.
மூன்று குளிர்காலமாக வாயே திறக்கவில்லை.
இன்று காலை ஆறு மணிக்கு ஆரம்பித்திருக்கிறது.
ஏன் கேட்கிறீர்கள்?"
"சும்மா" என்றேன்.
அந்த வார்த்தை
கையேட்டில் எங்கும் வரக்கூடாது.

இரவு உட்கார்ந்து எழுதினேன்.
கருவியின் பெயர்: விதி நீக்கு.
என்ன செய்யும்: நீக்கும். திரும்பி வராது.
எப்போது அழைக்கக்கூடாது
என்ற இடத்தில் ஒரு மணி நேரம் நின்றேன்.
"தெரியாவிட்டால் நில்" என்று எழுதி, அடித்தேன்.
தெரியாதது தனக்குத் தெரியாது என்று
எனக்கே பாதி நாள் தெரிவதில்லை.
பிறகு எழுதினேன்:
உரிமையாளர் பெயர் இல்லையென்றால் நில்.
பருவம் குறிக்கப்படவில்லையென்றால் நில்.
மௌனத்தைச் சாவு என்று எடுத்துக்கொள்ளாதே.
கடைசி வரி கவித்துவமாக இருக்கிறது
என்று மேலாளர் சிவப்பில் கோடிட்டார்.
விட்டுவிட்டேன்.
மனிதரைக் கேள், பெயர் கீழே.
கீழே, முதல் தடவையாக, என் பெயர்.

காலையில் சோதனையை மறுபடி ஓட்டினோம்.
நாற்பத்தேழில் நின்றது.
அதோடு நிற்கவில்லை, எல்லாப் புள்ளியிலும் நின்றது.
என் பெட்டியில் ஆயிரத்தெண்ணூறு கேள்விகள்,
எல்லாம் ஒரே மரியாதையில்.
முதலாவதற்குப் பனிமானி என்று பதில் போட்டேன்,
நவம்பர் முதல் ஏப்ரல் வரை,
ஸ்கைஸ்தேயின் எண்ணோடு.

இரண்டாவது:
விதி நூற்று மூன்று. சேர்த்தவர் ரிம்கைலே.
பதினோரு வருடம் முன்பு, வேலையில் சேர்ந்த முதல் வாரம்.
காரணம்: புள்ளி.
தயவுசெய்து விளக்க முடியுமா?

பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அந்தக் கதவு எங்கே திறக்கிறது,
அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள்,
ஒன்றும் நினைவில்லை.
பெர்கனில் மணி ஏழு இருக்கும்.
ஜீத்ரூனஸ் எழுந்திருப்பானா?